வெண்செதில் வண்டும் முப்பத்தாறு சவுக்குக் கம்பமும்

சிங்காரம் முப்பத்தாறு சவுக்குக் கம்பம் வாங்கினான். இந்தக் கதையில் அவன் பங்கு அவ்வளவுதான். மிச்சம் எல்லாவற்றையும் படித்தவர்கள் முறைப்படி செய்தார்கள்.

மரக்காணத்தில் அவனுக்குக் குத்தகைக்கு இரண்டு ஏக்கர் உப்பளம் இருந்தது. வெயில் காலம் முழுக்க வாரிய உப்பைக் கரைமேல் குவித்து, பனையோலை போட்டு மூடி, மழை முடிந்து விலை ஏறும்போது விற்பது வழக்கம். போன ஐப்பசியில் காற்று ஓலையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அவனும் அவன் மனைவி தையல்நாயகியும் பார்த்துக்கொண்டே நிற்க, ஏழு மாத உழைப்பில் பாதி கரைந்து, எந்தத் தண்ணியிலிருந்து வந்ததோ அந்தத் தண்ணிக்கே போய்ச் சேர்ந்தது. இந்த வருஷம் மழைக்கு முன்னால் தகரக் கொட்டகை போடாவிட்டால் உப்புத் தொழிலையே விட்டுவிடுவதென்று தையல்நாயகி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

உப்பளத்தில் கம்பத்தை வாங்கி வந்ததும் நட்டுவிட முடியாது. பட்டையோடு பத்து நாள் கெட்டியான உப்புத் தண்ணிப் பாத்தியில் முக்கிப் போட வேண்டும். உள்ளே இருக்கும் புழு பூச்சி செத்துப்போகும். பிறகு காயவைத்துப் பட்டையை உரித்து நட்டால் வருஷக்கணக்கில் நிற்கும். புரட்டாசி பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை கம்பங்கள் வந்து இறங்கின. புதன்கிழமை காலை முக்குவதாகத் திட்டம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் டாக்டர் ஜெயசீலன் வந்தார்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. சென்னையில் புதிய உயிரினங்கள் விவரணக் கழகம் என்று ஒன்று இருந்தது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் உயிரினங்களை முறைப்படி விவரித்து உலகத்துக்கு அறிவிப்பது அதன் வேலை. தொடங்கிப் பதினோரு வருஷம். நாற்பத்திரண்டு ஊழியர்கள், தனிக் கொடி, காலையில் பாட ஒரு பாட்டு, நாலு விழா மலர். விவரித்த உயிரினம் மட்டும் இன்னும் இல்லை. 'கிடைப்பவை எல்லாம் ஏற்கெனவே விவரிக்கப்பட்டவையாகவே இருக்கின்றன' என்று ஒவ்வோர் ஆண்டறிக்கையும் வருத்தப்பட்டது. வாசலில் கருங்கல்லில் வெட்டியிருந்த வாசகம்: 'விவரிக்கப்படாதது இல்லாதது.'

நாற்பத்திரண்டு பேரில் பூச்சியைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர் ஜெயசீலன் ஒருவர்தான். அதனால் அவரை அலுவலகத்துக்குள் விடாமல் வெளியூருக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வெயில் தாங்காமல் உப்பளத்தின் பக்கம் ஜீப்பை நிறுத்தினார். சிங்காரம் டீ கொடுத்தான். உட்கார வேறு இடம் இல்லாததால் அவர் கம்பத்து அடுக்கின் மேல் உட்கார்ந்தார். பட்டையிலிருந்து எள்ளு அளவில் ஒரு வண்டு டீக்குள் விழுந்தது.

வேறு யாராவது என்றால் விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்திருப்பார்கள். ஜெயசீலன் விரலால் எடுத்தார், போடவில்லை. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார்.

"சார், டீ வேற போட்டுத் தரட்டுமா?" என்றான் சிங்காரம்.

"ஏம்பா, இந்தக் கம்பத்துல இது மாதிரி இன்னும் இருக்குதா?"

"நாளைக்கு இருக்காதுங்க. தண்ணில போட்டுடுவேன்."

ஜெயசீலன் எழுந்து நின்று கம்பங்களுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டார். ஒன்பது வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்த பொருள் அது. மரப்பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் குடையும் வண்டு. பழுப்பு நிறம். முதுகு சரிந்து முடியும் இடத்தில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு சின்னப் பற்கள். அப்படி ஒன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இதைத் தன் நோட்டில் நாலே வரியில் எழுதிக்கொண்டார். இந்தக் கதையில் வண்டைப் பற்றி எழுதப்பட்ட உண்மை மொத்தமும் அந்த நாலு வரிதான்.

பட்டையை நெம்பி இன்னும் மூன்று வண்டுகளைப் பிடித்தார். கெடாமல் சென்னைக்குக் கொண்டுபோக ஸ்பிரிட் வேண்டும். அவர் கொண்டுவந்த ஸ்பிரிட் பாட்டிலைக் காலையில் சோதனைச் சாவடியில் தலைமைக் காவலர் தமிழரசன் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். "சார், நீங்க பூச்சிக்குன்னு சொல்றீங்க. இருக்கலாம். பக்கத்துல எக்கியார்குப்பம் இருக்குது. அங்க போய் இந்த வார்த்தைய சொல்லிப் பாருங்க. பேப்பர் இல்லாம ஒரு சொட்டு உள்ள போகாது," என்றாராம். அந்தக் குப்பத்தின் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் அதைக் கேலியாகப் பேச யாருக்கும் மனசு வராது. இந்தக் கதையில் வரும் அதிகாரிகளில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர் தமிழரசன் மட்டும்தான் என்று எழுதி வைக்கிறேன்.

"ஸ்பிரிட் இல்லாம இதை எப்படிக் கெடாம வெக்கிறது?" என்று ஜெயசீலன் தலையில் கை வைத்தார்.

தையல்நாயகிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. சுற்றிலும் நூறு ஏக்கருக்கு உப்பு கிடக்கிறது. ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, அடியில் ஒரு கை உப்பு போட்டு, நாலு வண்டை வைத்து, கொஞ்சம் பாத்தித் தண்ணி தெளித்து, மேலே ஒரு கை உப்பு போட்டு மூடிக் கொடுத்தாள். "கருவாடே ஒரு வருஷம் தாங்குது சார். இது தாங்காதா?"

புதன்கிழமை காலை சிங்காரம் கம்பத்தை முக்கப் போனபோது அங்கே கழகத்தின் பலகை நின்றது. 'புதிய இனத்தின் வகை இருப்பிடம். இங்குள்ள கம்பங்களைத் தொடுதல், நகர்த்துதல், நனைத்தல் தண்டனைக்குரியது.' ஒவ்வொரு கம்பத்திலும் சிவப்பு நாடா கட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். வெயிலில் அரக்கு உருகி வழிந்தது. அதற்கும் அவன் பொறுப்பு என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

இனிக் கழகத்துக்குள் நடந்தது. பாரபட்சத்தைத் தவிர்க்க அங்கே மூன்று விதிகள் உண்டு. கண்டுபிடித்தவர் விவரிக்கக் கூடாது. விவரிப்பவர் இடத்தைப் பார்க்கக் கூடாது. இடத்தைப் பார்ப்பவர் பூச்சியைப் பார்க்கக் கூடாது. ஆகவே ஜெயசீலனின் நோட்டைப் பூட்டிவைத்தார்கள். விவரணம் வெளியாகும்வரை அவர் யாரோடும் வண்டைப் பற்றிப் பேசக் கூடாதென்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். பாட்டில், முதுநிலை விவரிப்பாளர் ரேணுகாவின் மேஜைக்குப் போனது.

ரேணுகா பொறுப்பான அம்மாள். பதினோரு வருஷமாக விவரிக்க ஒன்றும் வராததால், அலுவலகத்து நாற்காலிகளை விவரித்துப் பழகியவர். உப்பைத் தட்டிவிட்டு, வண்டை நுண்ணோக்கியில் வைத்து, மூன்று நாள் பார்த்து, பதினேழு பக்கம் எழுதினார். 'இவ்வினத்தின் தலையாய அடையாளம், முதுகெங்கும் பதிந்துள்ள சதுர வடிவச் செதில்கள். நிறம் வெண்மை. ஒளி ஊடுருவும். எண்ணிக்கை நாற்பத்தொன்று. உலகில் வேறெந்த வண்டுக்கும் இவை இல்லை.' ஒன்றை நாக்கில் வைத்திருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். விதியில் நாக்கு இல்லை.

இயக்குநர் மணிவண்ணன் அதைப் படித்துவிட்டுக் கண் கலங்கினார். இனத்துக்கு 'வெண்செதில் பட்டை வண்டு' என்று பெயர் வைத்தார்கள். கழகத்தின் கொடியில் வண்டின் படம் ஏறியது. காலைப் பாட்டில் இரண்டு வரி சேர்ந்தது.

மரக்காணத்தில் மேகம் சேர ஆரம்பித்திருந்தது. சிங்காரம் பஸ் ஏறிக் கழகத்துக்குப் போனான். மனு வாங்கும் ஜன்னலில் படிவம் கொடுத்தார்கள். மூன்றாவது கேள்வி: 'பூச்சிக்கும் மனுதாரருக்கும் உள்ள உறவு.' சிங்காரம் யோசித்து, 'கம்பம் என்னுடையது' என்று எழுதினான்.

ஜன்னலில் இருந்தவர் அதை அடித்தார். "கம்பம் உங்களுது. யாரும் இல்லன்னு சொல்லல. கம்பத்துல இருக்கிற ஓட்டை உங்களுது இல்ல. அது வண்டு குடைஞ்சது. வண்டோட வாழிடம்."

"அப்ப ஓட்டையை நீங்க வெச்சிக்குங்க சார். கம்பத்தைக் குடுத்துடுங்க."

ஜன்னல்காரர் இதை உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். ஓட்டையைத் தனியாகப் பெற்றுக்கொள்ள விதியில் இடமில்லை என்றும், ஆனால் இது நல்ல யோசனையாக இருப்பதால் துணைக்குழுவுக்கு அனுப்பியிருப்பதாகவும் சொன்னார். சிங்காரம் ஊருக்குத் திரும்பியபோது ஒரு தூறல் போட்டு விட்டிருந்தது. குவியல் விரற்கடை இறங்கியிருந்தது. தையல்நாயகி தன் புடவைகளையும் எடுத்து ஓலைக்கு மேல் விரித்திருந்தாள். அவனுக்கு அழுகை வந்தது. அவளிடம் காட்டிக்கொள்ளாமல் வரப்புப் பக்கமாகப் போய் அழுதுவிட்டு வந்தான்.

மறுவாரம் கணக்கெடுப்புக் குழு வந்தது. இவர்கள் இடத்தைப் பார்ப்பவர்கள். ஆகவே பூச்சியைப் பார்த்ததில்லை. கையில் பதினேழு பக்க விவரணம் மட்டும் இருந்தது. முப்பத்தாறு கம்பத்தையும் தட்டி, தடவி, பட்டையை இடுக்கியால் நெம்பி முன்னூற்றுப் பன்னிரண்டு வண்டுகளை எண்ணினார்கள். எல்லாம் பழுப்பு. ஒன்றின் முதுகிலும் வெள்ளைச் செதில் இல்லை. எண்ணி முடித்த வண்டுகளை அடையாளம் போட்டு அந்தந்தப் பட்டைக்குள்ளேயே திரும்ப விட்டார்கள்.

குழு உப்புக் குவியலின் நிழலில் உட்கார்ந்து அறிக்கை எழுதியது. வெண்செதில் வண்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதன் வாழிடத்தைப் பெயர் தெரியாத பழுப்பு வண்டு ஒன்று ஆக்கிரமித்துவிட்டது. ஆகவே கண்டுபிடிக்கப்பட்ட பதினெட்டாம் நாளே வெண்செதில் வண்டு அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. இந்த வேகத்தில் இதுவரை எந்த இனமும் அழிந்ததில்லை என்று மணிவண்ணன் செய்தியாளர்களிடம் பெருமையோடு சொன்னார்.

சிங்காரத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அவன் பொறுப்பில் இருந்த வண்டுகள் காணாமல் போனது எப்படி? கம்பங்கள் இனி ஐந்து வருஷத்துக்கு நகரக் கூடாது. விசாரணைக்கு இயக்குநரே நேரில் வருவார்.

வந்தார். இடத்தைப் பார்க்க அவருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. கூட ஆறு பேர், குடை பிடிக்க ஒருவர், குறிப்பெடுக்க இருவர். கண்டுபிடித்தவர் என்ற முறையில் ஜெயசீலனையும் அழைத்து வந்து, பேசக் கூடாத தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள். சிங்காரம் மனைவியைப் பார்த்தான். தையல்நாயகி முன்னால் வந்தாள்.

"வெண்செதில் வண்டைக் கடைசியா எப்பம்மா பார்த்தீங்க?" என்றார் மணிவண்ணன்.

"ஊறுகா பாட்டில்ல பார்த்தது சார். நான்தான் போட்டேன்."

"போடறதுக்கு முன்னாடி செதில் இருந்துதா?"

"அதுக்கு ஏது சார் செதிலு? உப்புல போட்டா வெளுப்பா பூத்துக்கும். எதைப் போட்டாலும் பூத்துக்கும். இதோ இந்தக் கம்பத்தை அப்படியே பாத்தித் தண்ணில பத்து நாளு போடுங்க. எடுத்துக் காயவெச்சா உள்ள இருக்கிற அத்தனையும் வெள்ளையாதான் வரும்."

அவள் மறைத்தது ஒன்றுமில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி உண்மையைச் சொல்ல முடியாது. தூரத்தில் நின்ற ஜெயசீலன் கண்ணை மூடிக்கொண்டார். பதினோரு வருஷத்துக் கழகம் இந்த நிமிஷத்தோடு முடிந்தது என்று நினைத்திருப்பார்.

மணிவண்ணன் குறிப்பெடுப்பவர்களைப் பார்த்து, "எழுதிக்குங்க," என்றார். "பாரம்பரிய அறிவு. உள்ளூர் மக்கள் தலைமுறை தலைமுறையா இதைக் கவனிச்சிருக்காங்க. அடர்த்தியான உப்புநீர்ச் சூழல்ல, பத்து நாள்ல, இனம் மீட்சி அடையுது." தையல்நாயகியைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மா, இந்த அறிவை இத்தனை நாளா எங்ககிட்ட சொல்லாம இருந்துட்டீங்களே."

அன்று மாலையே மீட்புத் திட்டத்துக்கு ஆணை வந்தது. முப்பத்தாறு கம்பங்களையும் உப்புத் தண்ணிப் பாத்தியில் பத்து நாள் முக்கி வைக்க வேண்டும். செய்யத் தவறினால் தண்டனை. கழகத்திலிருந்து பத்து ஆட்கள் வந்து, சிங்காரம் கேட்டுக்கொள்ளாமலே, கம்பங்களைத் தூக்கிப் பாத்தியில் போட்டார்கள். மிதக்காமலிருக்க மேலே கல் வைத்தார்கள். அவன் கரையில் நின்று, "இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் அமுக்குங்க சார்," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பதினோராம் நாள் எடுத்துக் காயவைத்தார்கள். கணக்கெடுப்புக் குழு பட்டையை உரித்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு வெண்செதில் வண்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் சதுரச் செதில். சிலவற்றுக்கு நாற்பத்தொன்றுக்கு மேலேயே இருந்தது. பழுப்பு வண்டு ஒன்றுகூட இல்லை. ஆக்கிரமிப்பு முற்றிலும் அகற்றப்பட்டது என்று எழுதினார்கள். எல்லாமே செத்துப்போயிருந்தன. ஆனால் படிவத்தில் 'எண்ணிக்கை' என்ற கட்டம்தான் உண்டு. 'உயிருடன் உள்ளதா' என்ற கட்டம் கிடையாது.

உப்பளத்துக் கரையிலேயே பந்தல் போட்டு விழா நடந்தது. வண்டின் ஆளுயரப் பொம்மை ஒன்றை வெள்ளை அடித்து நிறுத்தியிருந்தார்கள். மணிவண்ணன் பேசினார்.

"பதினோரு வருஷமா இந்தக் கழகம் என்ன செஞ்சுதுன்னு சில பேர் கேக்கறாங்க. நாங்க தயாரா இருந்தோம். தயாரா இருக்கிறது லேசான வேலை இல்ல. இன்னும் சில பேர், உயிரோட இருக்கிற பூச்சியைப் பார்த்து எழுதினா என்னன்னு கேக்கறாங்க. உயிரோட இருக்கிறது ஓடும், பறக்கும், ஒரு இடத்துல நிக்காது. அதை நம்பி எப்படி ஒரு அறிவியலைக் கட்டறது? இந்த முன்னூற்றுப் பன்னிரண்டும் முழு ஒத்துழைப்பு குடுத்தது. ஒண்ணுகூட அசையல. இந்த ஒழுங்கு நம்ம ஊழியர்களுக்கும் வரணும்னு கேட்டுக்கறேன்."

ஊழியர்கள் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள். பிறகு துணைக்குழுவின் முடிவைப் படித்தார்கள். ஓட்டைகள் பட்டைக்கு அடியில் இருப்பதால் பட்டை முழுவதும் கழகத்தின் சொத்து. அதை மூட்டை கட்டிச் சென்னைக்கு எடுத்துச் செல்வார்கள். பட்டை நீங்கிய கம்பங்களில் கழகத்துக்கு அக்கறை இல்லை. சிங்காரத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் கண் பொன்னாடையில் இல்லை. ஊறி, காய்ந்து, பட்டை உரிந்து, நடுவதற்குத் தயாராகக் கரையில் கிடந்த முப்பத்தாறு கம்பத்தையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தான்.

நாலு நாளில் கொட்டகை எழும்பியது. ஆறாம் நாள் மழை பிடித்தது.

ஏழாம் நாள், கொட்டும் மழையில், ஜெயசீலன் தனியாக வந்தார். பலகையைப் பிடுங்கிப்போக அனுப்பியிருந்தார்கள். நனைந்துபோய்க் கொட்டகைக்குள் நுழைந்து, தகரத்தில் மழை விழும் சத்தத்தைக் கேட்டபடி, ஒரு பொட்டுக்கூட நனையாத உப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தையல்நாயகி டீ கொடுத்தாள். அவர் தூணில் சாய்ந்து ஒரு வாய் குடித்தார்.

மழைக்கு ஒதுங்க வந்திருக்க வேண்டும். பக்கத்துச் சவுக்குத் தோப்பிலிருந்து எள்ளு அளவில் ஒரு பழுப்பு வண்டு பறந்து வந்து டம்ளரின் விளிம்பில் உட்கார்ந்தது. ஜெயசீலன் பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. வெறுங்கண்ணாலேயே வெகு நேரம் பார்த்தார்.

"இதுதான சார் அது?" என்றாள் தையல்நாயகி.

"இதுதாம்மா அது." அவர் குரல் இறங்கிவிட்டது. "பக்கத்துக்கு மூணா ஆறு பல்லு. நோட்டுல சரியாதான் எழுதியிருந்தேன். ஆனா இதுக்குச் செதில் இல்லையே. அந்த விவரணத்துல இது அடங்காது. அப்ப சட்டப்படி இது இன்னொரு புது இனம். இதை முதல்லேர்ந்து…"

அவர் பார்வை வண்டிலிருந்து தூணுக்குப் போனது. தூணிலிருந்து கூரைக்குப் போனது. முப்பத்தாறையும் சுற்றி வந்தது.

சிங்காரம் டம்ளரை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான். மழையில் இறங்கித் தோப்புவரை நடந்து போனான். ஒரு சவுக்கு மரத்தின் பட்டையில் வண்டை விரலால் ஏற்றிவிட்டு, அது இடுக்கைத் தேடி நுழைகிறவரை கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உள்ள போய்டு," என்றான் அதனிடம். "வெளிய வராத. கண்டுபிடிச்சிடுவாங்க."